ஓசூரில் வாங்கிய பழைய மில்லிங் மெஷின்: டேபிள் பாதியில் நிற்கிறது

சுத்தியலை ஓரமாக வையுங்கள். டேபிளை நகர்த்தும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூவைக் கழற்றியும் டேபிள் நகரவில்லை என்றால், பிடித்திருப்பது பெரும்பாலும் கிப்தான், அதாவது டேபிள் ஆடாமல் இருக்க அது சறுக்கும் தடத்தின் இடைவெளியில் செருகியிருக்கும் பட்டை. டேபிள் லாக் தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

பெரும்பாலான மெஷின்களில் கிப் ஆப்பு மாதிரி இருக்கும். முனைத் திருகுகளை எடுத்துவிட்டு, மெல்லிய முனையில் பித்தளைக் கம்பியை வைத்து மெதுவாகத் தட்டுங்கள், தடித்த பக்கமாக வெளியே வரும். வராவிட்டால் டீசல் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிடுங்கள்.

நம் கிருஷ்ணகிரிப் பக்கத்து போர்வெல் தண்ணீரில் கூலன்ட் (வெட்டும்போது சூட்டைத் தணிக்கும் திரவம்) கலந்து ஓட்டியிருப்பார்கள். அந்த உப்பும் பழைய கிரீஸும் இரும்புத் தூளும் சேர்ந்து கல்லாகிவிடும். எண்ணெய்த் துளையில் எண்ணெய் கொடுத்துப் பாருங்கள். ஓரத்தில் கசியவே இல்லை என்றால் உள்ளே அடைப்பு.

அப்புறம், டேபிளைக் கழற்றினால் அடியில் பிறை பிறையாகக் கீறல் தெரியலாம். தேய்மானம் என்று நினைத்து எமரி பேப்பர் (உப்புத்தாள்) போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தங்குவதற்காகக் கையால் சுரண்டி வைத்தது அது. மண்ணெண்ணெய், துணி, நைலான் பிரஷ் போதும்.

டேபிளை வெளியே இழுக்கும்போது, பாதி தாண்டும் முன்பே செயின் பிளாக்கில் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) மாட்டிவிடுங்கள், ஒரு பக்கம் சாய்ந்தால் கையால் தாங்க முடியாது.