சின்ன நாய்களின் அசிடிட்டி: கேள்விகளும் பதில்களும்

சிறிய ரக நாய்களுக்கு வரும் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், எதுக்களிப்பு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் "என்ன மாத்திரை கொடுக்கலாம் டாக்டர்?" என்றுதான் இருந்தன. மாத்திரைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை மூன்று: கடைசிச் சாப்பாடு எத்தனை மணிக்கு, அதில் கொழுப்பு எவ்வளவு, வெளியே வருவது எப்படி வருகிறது. இந்த மூன்றையும் சரியாகச் சொல்லத் தெரிந்த வீட்டில் பாதி வைத்தியம் முடிந்துவிடுகிறது.

கேள்வி: எங்கள் பாமரேனியனுக்கு 5 வயது, 6 கிலோ. வாரத்தில் மூன்று நான்கு நாள் விடிகாலையில் மஞ்சளாக, நுரையோடு வாந்தி எடுக்கிறான். எடுத்து முடித்ததும் வாலை ஆட்டிக்கொண்டு விளையாட வந்துவிடுகிறான். இரவுச் சாப்பாடு 7 மணிக்கு, காலைச் சாப்பாடு 8 மணிக்கு.

13 மணி நேரம் வயிறு காலியாக இருக்கிறது. அந்த நேரத்தில் சிறுகுடலிலிருந்து பித்தநீர் மேலேறி இரைப்பைக்குள் வந்து அதன் உட்சுவரை அரிக்கும். நீங்கள் பார்க்கும் மஞ்சள் அந்தப் பித்தம்தான். சின்ன நாய்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

நாள் முழுக்கக் கொடுக்கும் மொத்த அளவை மாற்றாமல் நான்காகப் பிரியுங்கள். கடைசிப் பங்கு நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில், 10.30 அல்லது 11 மணிக்கு. இரண்டு மூன்று ஸ்பூன் போதும். கூடுதலாகக் கொடுக்காதீர்கள், இருப்பதிலிருந்து எடுத்து வையுங்கள். 6 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 400 கலோரிதான் தேவை. எடை கூடினால் வயிற்றின் மேல் அழுத்தம் கூடும், எதுக்களிப்பும் கூடும்.

ஒரு வாரத்தில் குறைந்துவிட்டால் அப்படியே தொடருங்கள். குறையவில்லை என்றால், அல்லது எடை இறங்குகிறது, மலம் இளகிப் போகிறது என்றால் மலப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். குடல்புழுவும் இப்படித்தான் காட்டும்.

கேள்வி: 3 வயது பக். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. சில சமயம் அதையே திரும்பவும் தின்றுவிடுகிறது. இது வாந்திதானே?

வயிற்றைக் கவனியுங்கள். வாந்தி என்றால் முதலில் எச்சில் ஊறும், உதட்டை நக்கும், அப்புறம் வயிறு இரண்டு மூன்று முறை சுருங்கி ஓங்கரித்து வெளியே தள்ளும். எதுக்களிப்பில் அந்த முயற்சியே இருக்காது. தலையைக் குனியும், சாப்பாடு வழுக்கிக்கொண்டு விழும். செரிக்காமல், சில சமயம் நீள உருளையாக, வழவழப்பாக இருக்கும். நீங்கள் சொல்வது எதுக்களிப்பு மாதிரிதான் தெரிகிறது. அடுத்த முறை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் வாயால் பத்து நிமிடம் விளக்குவதை அந்த அரை நிமிட வீடியோ சொல்லிவிடும்.

பக், ஷிட்ஸு, பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு ரகங்களுக்கு இது அதிகம். மூச்சை இழுக்கவே அவை கஷ்டப்படுகின்றன. அந்த இழுப்பில் நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் குறைந்து, இரைப்பையில் இருப்பது உணவுக்குழாய்க்கு ஏறுகிறது. சில நாய்களில் இரைப்பையின் மேல்பகுதியே உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரை) தாண்டி மேலே வந்துவிடும். அதனால் குறட்டை, மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது என்பதையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூச்சுப்பாதையைச் சரி செய்தபின் எதுக்களிப்பும் குறைந்த நாய்கள் உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியது: கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்பில் மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். சாப்பாட்டைக் கூழாகப் பிசைந்து, நெஞ்சு உயரத்தில் தட்டை வைத்துக் கொடுங்கள். முடிந்ததும் குழந்தைக்கு ஏப்பம் விட வைப்பது போல நிமிர்த்தி, 10–15 நிமிடம் மடியில் வைத்திருங்கள். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்கு ஓட்டமும் விளையாட்டும் வேண்டாம். எதுக்களித்த நாய்க்கு இருமல், காய்ச்சல், வேகமான மூச்சு வந்தால் உணவு நுரையீரலுக்குள் போயிருக்கலாம். அன்றைக்கே காட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். எங்கள் லாசா ஆப்சோவுக்குப் பகலில் தயிர்சாதம்தான், இரவில் நெய் விட்டுப் பருப்புசாதம். ராத்திரி எழுந்து தரையையும் பாயையும் நக்கிக்கொண்டே இருக்கிறது, விழுங்கிக்கொண்டே இருக்கிறது. சேட்டையா, வியாதியா?

சேட்டை இல்லை அம்மா. ராத்திரியில் தரையை நக்குவது, காற்றை விழுங்குவது, எழுந்து எழுந்து இடம் மாறிப் படுப்பது எல்லாம் குமட்டலுக்கும் உணவுக்குழாய் எரிச்சலுக்கும் அடையாளம். பல வீடுகளில் இதற்காக நாயை அதட்டுகிறார்கள். தயவுசெய்து அதட்டாதீர்கள்.

முதலில் நெய்யை நிறுத்துங்கள். கொழுப்பு இரைப்பையில் அதிக நேரம் தங்கும், உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசை வளையத்தின் இறுக்கத்தையும் தளர்த்தும். ஒரு மேசைக்கரண்டி நெய்யில் 100 கலோரிக்கு மேல் இருக்கிறது. சின்ன நாய்க்கு அது ஒரு நாள் தேவையில் கால் பங்கு. கணைய அழற்சி வரும் பயமும் இருக்கிறது.

தயிர் சில நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும், சிலவற்றுக்கு வாயுவும் பேதியும் தரும். ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். தயிர்சாதம் மட்டும் என்றால் புரதமும் போதாது. முட்டை சமைப்பீர்கள் என்றால் வெந்த வெள்ளைக்கரு நல்லது. இல்லை என்றால் கொழுப்பு எடுத்த பாலில் செய்த பனீரைக் கொஞ்சம் உதிர்த்துக் குழைந்த சாதத்தில் சேருங்கள். பருப்பை நன்றாக மசித்து, தாளிக்காமல் கொடுங்கள். வெங்காயம், பூண்டு நாய்க்கு நஞ்சு. சாம்பாரில் இருக்கும் அளவும் வேண்டாம்.

கேள்வி: அசைவ வீடு. சிக்கன் சாதம் எப்படிச் செய்வது என்று அளவோடு சொல்லுங்கள் சார்.

தோல் நீக்கிய நெஞ்சுக்கறி ஒரு பங்கு, குழைய வடித்த சாதம் இரண்டு பங்கு, வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு ஸ்பூன். உப்பு, மிளகாய், எண்ணெய் வேண்டாம். கறி வெந்த தண்ணீரைக் கொட்ட வேண்டியதில்லை. ஆற வைத்து இரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் மேலே கொழுப்பு வெள்ளைப் படலமாக உறைந்து நிற்கும். ஸ்பூனால் அதை வழித்து எறிந்துவிட்டு, அடியில் உள்ள தெளிந்த சாறை விட்டு சாதத்தைப் பிசையுங்கள். வெதுவெதுப்பாகக் கொடுத்தால் சாப்பிட மறுக்கும் நாயும் முகர்ந்து பார்க்கும்.

எலும்பு வேண்டாம். வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குத்தும்.

இது வயிறு ஆறுவதற்கான சாப்பாடு. இரண்டு வாரத்துக்கு மேல் இதையே கொடுத்தால் கால்சியமும் மற்ற சத்துகளும் குறையும். பிறகு கொழுப்பு குறைந்த பாக்கெட் உணவுக்கு மாறுங்கள். பையின் பின்பக்கம் கொழுப்பு சதவீதம் போட்டிருக்கும். குட்டி நாய்களுக்கான உணவில் 18, 20 என்று இருக்கும், அது இவற்றுக்கு ஒத்து வராது. 10-ஐ ஒட்டி அல்லது அதற்குக் கீழே பாருங்கள். ஏழெட்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

கேள்வி: மெடிக்கலில் பான்-டி வாங்கிப் பாதி உடைத்துக் கொடுக்கலாமா? நாங்கள் போடுவது அதுதான்.

வேண்டாம். பான்-டி கேப்ஸ்யூலில் இருக்கும் பான்டோபிரசோல் அமிலம் குறைக்கும் மருந்து, அதன் மேலே ஒரு பூச்சு இருக்கும். அமிலத்தில் மருந்து கெடாமல் இருக்கத்தான் அது. உடைத்துப் பொடித்தால் மருந்து குடலுக்குப் போகும் முன்பே வீணாகிவிடும். பான்-டியில் சேர்ந்திருக்கும் டாம்பெரிடோன் இரைப்பையை வேகமாக இயங்க வைக்கும். உள்ளே மாங்கொட்டையோ சோளக்கட்டையோ அடைத்திருந்தால் அந்த வேகம் ஆபத்து. மாம்பழ சீசனில் "அசிடிட்டி" என்று வந்து எக்ஸ்ரேயில் கொட்டையாக முடிந்த நாய்கள் ஒன்றிரண்டு அல்ல.

அமிலம் குறைக்கும் மருந்து தேவைதானா என்று மருத்துவர் முடிவு செய்வார். பெரும்பாலும் ஓமெப்ரசோல் எழுதுவார்கள், எடைக்கேற்ப, நாளைக்கு இரண்டு வேளை. சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில் கொடுத்தால்தான் முழுப் பலன். முழுசாக வேலை செய்யச் சில நாள் ஆகும், முதல் நாளே கேட்கவில்லை என்று நிறுத்தாதீர்கள். மூன்று நான்கு வாரம் கொடுத்த பிறகு சட்டென்று நிறுத்தவும் கூடாது, அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். படிப்படியாகக் குறைக்க வேண்டும். புண்ணின் மேல் படலமாகப் படியும் சுக்ரால்ஃபேட் சிரப்பும் எழுதியிருந்தால் மற்ற மருந்துகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

வலிக்கு என்று புரூஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுத்துவிடாதீர்கள். இரைப்பையில் புண் வந்து இரத்தம் கசியும்.

கேள்வி: உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுக்கிறோம். ஆரம்பித்ததிலிருந்து நுரை நுரையாக வாந்தி.

அந்த மருந்துக்கு அந்தக் குணம் உண்டு. வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி நின்றுவிட்டால் அந்த இடமே புண்ணாகிவிடும். சாப்பாட்டோடு கொடுத்து, உடனே ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாக மெதுவாக விடுங்கள். பால், தயிரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம், மருந்து உடம்பில் சேருவது குறையும். வாந்திக்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், வழக்கமாக நான்கு வாரம் கொடுக்க வேண்டிய மருந்து அது. எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் வாந்திக்கு மருந்து சேர்ப்பார்.

கேள்வி: கருத்தடை ஆபரேஷன் முடிந்து பத்து நாள். தையல் ஆறிவிட்டது. ஆனால் விழுங்கும்போது கழுத்தை நீட்டிக் கத்துகிறாள். கஞ்சி இறங்குகிறது, சாதம் திரும்பி வருகிறது.

இதைத் தள்ளிப் போடாதீர்கள். மயக்கத்தில் படுத்திருக்கும்போது அமிலம் சத்தமில்லாமல் உணவுக்குழாய்க்கு ஏறி நிற்கும். அப்போது பட்ட புண் ஆறும்போது தழும்பாகச் சுருங்கி, குழாய் குறுகிவிடலாம். திரவம் இறங்கி, கெட்டி உணவு இறங்காதது அதன் முக்கிய அடையாளம். எண்டோஸ்கோப் வசதி உள்ள இடத்தில் பார்க்க வேண்டும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். குறுகியிருந்தால் பலூன் வைத்து விரிப்பார்கள். அதுவரை கூழ், கஞ்சி மட்டும்.

கேள்வி: புல் தின்றால் வயிறு சரியில்லை என்றுதானே அர்த்தம்?

எப்போதும் இல்லை. நல்ல ஆரோக்கியமான நாய்களும் புல் தின்னும். திடீரென்று வெறி பிடித்தது போல மேய்ந்தால், கூடவே உதட்டை நக்கினால் குமட்டல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து அடித்த புல்வெளிப் பக்கம் விட வேண்டாம்.

கேள்வி: சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், பெருங்காய மோர், ஈனோ?

நீர்த்த சீரகத் தண்ணீர் ஒரு ஸ்பூன் கெடுதல் செய்யாது, பெரிதாகக் குணமும் செய்யாது. மற்ற மூன்றும் வேண்டாம். ஈனோ கண்டிப்பாக வேண்டாம்.

கேள்வி: இரண்டரை மாத ஷிட்ஸு குட்டி, காலையிலிருந்து நான்கு முறை வாந்தி. ஒரு நாள் பட்டினி போட்டால் சரியாகும் என்கிறார்கள்.

இவ்வளவு சின்னக் குட்டியைப் பட்டினி போடக் கூடாது. சில மணி நேரத்தில் சர்க்கரை இறங்கி, தள்ளாடி, வலிப்பு வந்துவிடும். தடுப்பூசி முழுசாக முடியாத வயதில் வாந்தி என்றால் முதலில் பார்வோ வைரஸ் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் படித்து முடிக்கும் முன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். துணியில் சுற்றிச் சூடாக வைத்து, பல் ஈறில் துளி தேன் தடவிக் கொண்டு போங்கள்.

வளர்ந்த நாய்களுக்கும் காத்திருக்கக் கூடாத அடையாளங்கள் உண்டு: காபித்தூள் போன்ற வாந்தி, தார் போலக் கறுத்த மலம், தண்ணீர்கூட நிற்காதது, வயிறு உப்பி ஒன்றும் வராமல் ஓங்கரிப்பது.

கேள்வி: 11 வயது ஸ்பிட்ஸ், பெண், கருத்தடை செய்யவில்லை. இத்தனை வருடம் இல்லாமல் ஒரு வாரமாக அசிடிட்டி. சாப்பாடு இறங்கவில்லை, தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கிறாள். ஒரு மாதம் முன்னால் தீட்டுப்பட்டாள்.

இது சாப்பாட்டை மாற்றிச் சரி செய்கிற விஷயம் இல்லை. தீட்டு முடிந்து சில வாரங்களில் வாந்தி, அதிக தாகம், சோர்வு என்றால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். வெளியே கசிவு தெரியாமலும் இருக்கும். இந்த வயதில் சிறுநீரகமும் காரணமாகலாம். இரண்டையும் ஒரு ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் காட்டிவிடும். நாளைக்கு என்று வைக்காமல் இன்றைக்கே கூட்டிப் போங்கள் அம்மா, தீட்டுப்பட்ட தேதியை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.