பதில்: வால்பாறைப் பாதையில் டவர் போனதும் வழிகாட்டி நின்றுவிடுகிறது

வணக்கம் நண்பரே. ஆழியாறு தாண்டி டவர் போனதும் போனில் கூகுள் மேப்ஸ் திரை வெறும் சாம்பல் கட்டமாகிவிடுகிறது, தனி ஜி.பி.எஸ். கருவி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள், வீண் செலவு. செயற்கைக்கோள் சமிக்ஞைக்கு டவரே தேவையில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருவதை உங்கள் போன் வாங்கிக்கொண்டால் போதும். அறுந்துபோவது வரைபடம் மட்டும்தான், அது இணையத்தில் வருவது.

பொள்ளாச்சியிலேயே கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு, 'ஆஃப்லைன் வரைபடங்கள்' பகுதியில் வால்பாறை வரை கட்டமிட்டு இறக்கிக்கொள்ளுங்கள். பழையது காலாவதியாகிவிடும், கிளம்புமுன் புதுப்பியுங்கள். போக்குவரத்து நெரிசல் மட்டும் தெரியாது.

இன்னொன்று, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. டவர் இருக்கும்போது செயற்கைக்கோள்களின் இருப்பிட விவரம் இணையம் வழியே நொடியில் வந்துவிடும். இல்லாதபோது அந்தந்தச் செயற்கைக்கோளின் சமிக்ஞையிலிருந்தே போன் அதைப் பெற வேண்டும், தடையில்லாமல் கிடைத்தாலே அரை நிமிடம் ஆகும். மரங்கள் மூடிய வளைவில் அது அறுந்து அறுந்து வரும். ஆகவே அடிவாரத்திலேயே இருப்பிடச் சேவையை இயக்கிவிட்டு, அணைக்காமல் ஏறுங்கள். நீலப்புள்ளி திணறினால் வானம் திறந்த இடத்தில் ஓரமாக நிறுத்திப் பாருங்கள். 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் உண்டு, அதையும் பார்த்துக்கொண்டே போங்கள்.