ஷிப்டா, பிளானிங்கா?

கேள்வி: இயந்திரப் பொறியியல் படித்தவள். வயது 31. வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் எட்டு வருடமாக புரொடக்ஷன் இன்ஜினியர். ஷிப்ட் இன்சார்ஜ் பதவி காலியானதும் விண்ணப்பிக்க நினைத்தேன். மேலாளர் கூப்பிட்டு, "நைட் ஷிப்ட் எல்லாம் வரும்மா, உனக்கு எதுக்கு? பிளானிங்ல இடம் தர்றேன், சம்பளமும் கொஞ்சம் கூடும்" என்கிறார். வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். ஒரு நாள் ஆலையையே நடத்த வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் லைனில் பலர் என் அப்பா வயதுக்காரர்கள். நான் சொன்னால் கேட்பார்களா என்ற பயமும் இருக்கிறது. எதற்குச் சம்மதிப்பது?

பதில்: அன்புள்ள தோழி, ஆலையை நடத்த ஆசை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதனால் ஷிப்டுக்கே போங்கள் என்கிறேன்.

பிளானிங் மட்டமான வேலை என்பதால் அல்ல. நாளை ஆலை மேலாளர் பதவிக்கு ஆள் தேடும்போது, உற்பத்தி, ரிஜெக்ஷன் (தரமில்லை என்று ஒதுக்கப்படும் பாகங்கள்), பிரேக்டவுன், விபத்து எல்லாவற்றுக்கும் யார் நேரடியாகப் பதில் சொல்லியிருக்கிறார் என்றுதான் பார்ப்பார்கள். திறமையான பெண்கள் பலர் அக்கறையோடு சொல்லப்பட்ட யோசனையைக் கேட்டு பிளானிங், ஆவணம், பயிற்சி என்று ஒதுங்குகிறார்கள். பத்து வருடம் கழித்து "லைன் அனுபவம் இல்லையே" என்ற பதில் வருகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

மேரி பாராவைப் பாருங்கள். 1980-இல், 18 வயதில், ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் கார் பாகங்களைப் பரிசோதிக்கும் வேலையில் சேர்ந்தார். பிறகு டெட்ராய்ட்டில் ஓர் அசெம்பிளி ஆலைக்கே மேலாளரானார். மனிதவளத் துறைக்குத் தலைமை ஏற்றது அதற்குப் பிறகுதான். 2014-இல் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். லைனை நடத்திவிட்டு அலுவலகப் பொறுப்புக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக வழி இருக்கிறது. முதலிலேயே அலுவலகத்துக்குப் போய்விட்டால் அந்த வழி குறுகிவிடும்.

இரவு வேலை என்ற தயக்கம் பழையது. தொழிற்சாலைகளில் பெண்கள் இரவில் வேலை செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கையை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-லேயே கொண்டுவந்தது. பாதுகாப்புக்காகத்தான். ஆனால் இரவு ஷிப்ட் பார்க்காதவருக்கு ஷிப்ட் பொறுப்பும் கிடைக்காது அல்லவா? அதனால் பாதுகாப்பைக் கேட்டு வாங்குங்கள். வீட்டு வாசல் வரை வண்டி, இரவிலும் திறந்திருக்கும் கழிப்பறையும் ஓய்வறையும், உங்கள் அளவுக்குப் பொருந்தும் சேஃப்டி ஷூவும் கையுறையும். காலை, மதியம், இரவு என்ற வரிசையில் ஷிப்ட் மாறட்டும். தலைகீழாக மாறுவதைவிட உடம்பு இதைத் தாங்கும். இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். வீட்டாருக்கும் இந்தப் பட்டியலையே காட்டலாம்.

இன்னொன்று, அந்தப் பதவி ஏன் காலியானது என்று விசாரியுங்கள். மிஷெல் ரயன், அலெக்சாண்டர் ஹாஸ்லம் என்ற இரு உளவியலாளர்கள் பிரிட்டனின் பெரிய நிறுவனங்களை ஆராய்ந்து 2005-இல் கட்டுரை வெளியிட்டார்கள். இயக்குநர் குழுவில் பெண்களைச் சேர்த்த நிறுவனங்கள் பல, அதற்கு முந்தைய மாதங்களில் ஏற்கெனவே சறுக்கிக்கொண்டிருந்தது அதில் தெரிந்தது. அந்த ஷிப்டின் கடந்த ஆறு மாத டவுன்டைம் (மெஷின் நின்றுபோன நேரம்), ரிஜெக்ஷன் கணக்கைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மோசமாக இருந்தாலும் ஏற்கலாம். எந்த நிலையில் வாங்கினீர்கள் என்பது பதிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓ.இ.இ., அதாவது மெஷினின் மொத்தச் செயல்திறன் கணக்கு, உங்களுக்குத் தெரிந்ததே. மெஷின் ஓடிய நேரம் 90 சதவீதம், வேகம் 90, தரம் 95 என்றால் தனித்தனியாகப் பார்க்க எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், பெருக்கினால் 77-தான். மீதி 23 எங்கே போனது என்பதை வாராவாரம் உங்கள் கைப்பட எழுதி வையுங்கள். வேறு பாகம் செய்ய மெஷினை மாற்றியமைக்கும் சேஞ்ச் ஓவரில் எத்தனை நிமிடம் குறைத்தீர்கள், எந்தப் பழுது திரும்ப வரவில்லை என்பதும் அதில் இருக்கட்டும். பதவி உயர்வு பேசும் நாளில் "கடுமையாக உழைத்தேன்" என்பதைவிட அந்த நோட்டு உதவும்.

அப்புறம், அப்பா வயதுக்காரர்கள். மெஷினோடு இருபது வருடம் இருந்தவருக்குச் சத்தத்தை வைத்தே பேரிங் போகப்போவது தெரியும். ஷிப்ட் மாறுவதற்குக் கால் மணி நேரம் முன்பே போய், "அண்ணே, இதுல உங்களுக்கு என்ன தொல்லை?" என்று கேளுங்கள். அவர் சொன்னதில் ஒன்றையாவது அந்த வாரமே சரிசெய்து கொடுங்கள். மெயின்டனன்ஸ் ஆளைத் துரத்தியாவது! மரியாதை அப்படித்தான் வரும்; குரலை உயர்த்தி வராது. ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் அண்ணன், மாமா பார்க்க வேண்டாம். மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினால் மெஷினை நிறுத்துங்கள், டார்கெட் போனாலும் சரி. முதல் முறை முணுமுணுப்பார்கள். மேலாளர் அன்று உங்கள் பக்கம் நிற்பாரா என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அவரிடம் சண்டை வேண்டாம். "சார், நீங்கள் யோசித்ததற்கு நன்றி. எனக்கு ஆலையை நடத்தும் பாதைதான் வேண்டும், அதனால் ஷிப்டுக்கு விண்ணப்பிக்கிறேன். முதல் மூன்று மாதம் நீங்கள் என்னிடம் எதிர்பார்ப்பது என்ன என்று சொல்லுங்கள்" என்று நேரில் சொல்லிவிட்டு, அன்றைக்கே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.