பெரிய எம்.சி.பி. போட்டால் டிரிப் ஆவது நிற்குமா?

"கிச்சன்ல எதைப் போட்டாலும் டிரிப் ஆகுது, பெரிய எம்.சி.பி. மாத்திடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாத்தாதீங்க. நான் மாத்திப் பட்டவன். (எம்.சி.பி. என்பது கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து, அதாவது டிரிப் ஆகி, லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்.)

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். மார்கழியில் ஒரு தொந்தரவும் இல்லை. சித்திரை பிறந்ததும், சாயங்காலம் சட்னி அரைக்கும்போது டப்பென்று எல்லாம் நிற்கும். அம்மா வாசலுக்கு ஓடி, "எதிர்வீட்ல இருக்குடா" என்பார்.

கணக்கு இதுதான்: இண்டக்‌ஷன் 2000 வாட், கெட்டில் 1500, மிக்சி 750. மொத்தம் 4250. அதை 230 வோல்ட்டால் வகுத்தால் பதினெட்டரை ஆம்பியர். எங்கள் கிச்சன் லைனில் இருந்தது 16 ஆம்பியர் எம்.சி.பி. இவ்வளவு சின்ன மீறலுக்கு அது உடனே விழாது; உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை சூடேறி வளைந்தால்தான் விழும். அதை 30 டிகிரி சூட்டை வைத்துத்தான் அளவிட்டிருப்பார்கள். வேலூர் வெயிலோ 40-ஐத் தாண்டும், எம்.சி.பி.க்கள் இருக்கும் எங்கள் டிபி பாக்ஸ் மேற்குச் சுவரில். பட்டை பாதி வளைந்தே நிற்கும்போது மிக்சி வந்து சேர்ந்தால் கேட்கவா வேண்டும்!

எலக்ட்ரீஷியன் ஒருவர் 32 ஆம்பியர் போட்டுவிட்டுப் போனார். டிரிப் நின்றது. பத்தே நாளில் பிளக் பாயின்ட்டின் வெள்ளைத் தகடு டீக்கறை நிறத்துக்கு வந்து, தீய்ந்த வாடை அடித்தது. எம்.சி.பி. இருப்பதே சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பாற்றத்தான், 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) தடிமனுள்ள எங்கள் ஒயர் வேகிற வரை 32 ஆம்பியர் வாயே திறக்காது. பழையபடி 16-ஐப் போட்டு, இண்டக்‌ஷனுக்குத் தனி லைன் இழுத்தேன்.

ஆனால் விழுவது எந்த சுவிட்ச் என்று முதலில் பாருங்கள். டெஸ்ட் பட்டன் வைத்த அகலமான சுவிட்ச் விழுந்தால் அது ஆர்.சி.சி.பி., கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச். எவ்வளவு லோடு ஓடுகிறது என்பது பற்றி அதற்குக் கவலையில்லை, 30 மில்லி ஆம்பியர் எர்த்துக்குக் கசிந்தாலே போதும். எங்கள் உப்புத் தண்ணீரில் கெட்டிலுக்கு அடியில் சுண்ணாம்பு மாதிரி படிந்து, ஹீட்டர் கம்பிச்சுருளே கெட்டுப்போய், ஒருமுறை அப்படி விழுந்தது. கழுவிய கிரைண்டரின் மோட்டாரில் ஈரம் இறங்கினாலும் இதே கதை.

கசிவது எது என்று கண்டுபிடிக்க, எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் பத்தாது. அது கரண்ட் வரும் பேஸ் ஒயரை மட்டும்தான் துண்டிக்கும், திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் வழியாகவும் கசியும்.