சண்டை விளையாட்டுகள் புதியவருக்குச் சொல்லித்தருகின்றனவா? கேள்வி பதில்

ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன் போன்ற சண்டை விளையாட்டுகள், புதிதாக வருபவர்களுக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கின்றன என்பது குறித்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: அண்ணா, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் டுடோரியலை முழுவதும் முடித்துவிட்டேன். ஹடோக்கன், ஷோர்யுக்கன் போன்ற சிறப்புத் தாக்குதல்கள் எல்லாம் கை பழகிவிட்டது. ஆனால் ஆன்லைனில் போனால் தொடர்ந்து தோற்கிறேன். எங்கே கோளாறு?

பதில்: கோளாறு உங்களிடம் இல்லை தம்பி, பாடத்தில் இருக்கிறது. எந்தப் பொத்தானை எப்படி அழுத்துவது என்று டுடோரியல் சொல்லிவிட்டது. எப்போது அழுத்தக் கூடாது என்று அது போதிய அளவு சொல்லவில்லை. புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

இந்த விளையாட்டு நொடிக்கு 60 பிரேம்களில், அதாவது 60 தனிப்படங்களாக, ஓடுகிறது. மிக வேகமான குத்து வெளிப்பட 4 பிரேம் ஆகும். எதிராளி காலை வாரும் கனமான உதையை விடுகிறார், நீங்கள் குனிந்து தடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அவருடைய கால் திரும்பி வருவதற்குள் நீங்கள் அடித்தால் அவரால் தடுக்கவே முடியாது. அது உங்களுடைய முறை. வேறு சில அடிகளைத் தடுத்த பிறகு அவரே முந்திக்கொள்வார். அப்போது நீங்கள் குத்த முயன்றால் உங்கள் குத்து வெளிவருவதற்கு முன்பே அவர் அடி விழும். இந்த 'யாருடைய முறை' என்ற கணக்குத் தெரியாதவர் எத்தனை காம்போ (தொடர் அடிகள்) மனப்பாடம் செய்தாலும் அடிதான் வாங்குவார்.

டிரெய்னிங் மோடுக்குள் பிரேம் மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்துவைத்து, உங்களை அதிகம் அடித்த தாக்குதலைக் கணினி எதிராளியைச் செய்யச் சொல்லுங்கள். தடுத்துவிட்டுப் பாருங்கள். யார் முதலில் விடுபடுகிறார் என்பது வண்ணக் கோடுகளாகத் தெரியும். டுடோரியலின் மையத்தில் இருந்திருக்க வேண்டிய இந்தப் பாடம் ஒரு மெனுவுக்குள் கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கேள்வி: அப்படியானால் நன்றாகக் கற்றுக்கொடுக்கும் விளையாட்டு என்று எதைச் சொல்வீர்கள்?

பதில்: 2012-இல் வந்த ஸ்கல்கேர்ல்ஸ். மேலே ஒரு அடி, கீழே ஒரு அடி என்று மாறிமாறி வருவதைத் தடுக்கவும், அடி பட்டதா தடுக்கப்பட்டதா என்று பார்த்த பிறகே அடுத்ததைத் தொடரவும் அது பழக்கியது. ஒரு சிறிய குழு செய்த வேலை அது. அடுத்த ஆண்டு வந்த கில்லர் இன்ஸ்டிங்க்ட், தன் 'டோஜோ' பகுதியில் பிரேம் கணக்கையே பாடமாக வைத்தது. அண்டர் நைட் இன்-பர்த் நடப்பதில் தொடங்கி ஆழமான உத்திகள் வரை கொண்டுபோகிறது. 2019-இல் வந்த மார்ட்டல் காம்பட் 11-உம் இதை விரிவாகச் செய்தது. இவை எல்லாவற்றுக்கும் முன்பே, பிளேஸ்டேஷன் 2-இல் வந்த வர்ச்சுவா ஃபைட்டர் 4 எவல்யூஷனின் பயிற்சிப் பகுதியை மூத்த ஆட்டக்காரர்கள் இன்றும் மெச்சுவார்கள்.

ஆகவே வழி தெரியாமல் யாரும் விட்டுவிடவில்லை. 2016-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 வெளியானபோது, கணினி எதிராளிகளோடு வரிசையாக மோதும் ஆர்கேட் மோட்கூட இல்லை, டுடோரியலும் பெயருக்குத்தான் இருந்தது. ஆர்கேட் மோட் வர 2018 ஆகிவிட்டது. பெரிய நிறுவனத்திற்குப் பணமோ ஆளோ குறைவா? புதியவரை முக்கியமாக நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் எளிய கட்டுப்பாட்டு முறையான மாடர்ன் கன்ட்ரோலில் ஆடுபவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்கிறான் என் நண்பன். சரியா?

பதில்: சரியில்லை. மாடர்னில் ஒரு பொத்தானும் ஒரு திசையும் போதும், சிறப்புத் தாக்குதல் வந்துவிடும். அதற்கு விலையாக அந்தத் தாக்குதலின் சேதம் 20 சதவீதம் குறைகிறது, சில சாதாரண அடிகளும் கிடைக்காது. கொடுத்து வாங்கிய வசதி அது. பழைய முறையில் பல வாரங்கள் விரலோடு போராடிய பிறகுதான் எதிராளியை நிமிர்ந்து பார்க்கவே முடியும். மாடர்னில் முதல் நாளே எதிராளியின் பழக்கங்களைக் கவனிக்கலாம். சண்டை விளையாட்டின் சுவையே அதில்தான் இருக்கிறது. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: கீபோர்டில் ஆடலாமா?

பதில்: தாராளமாக. திசைக்கும் பொத்தான்களே இருக்கும் லெவர்லெஸ் கன்ட்ரோலர்களைப் போட்டிகளில் பலர் பயன்படுத்துகிறார்கள். அதுவும் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

கேள்வி: எனக்கு வயது நாற்பத்தைந்து. கை வேகம் குறைந்துவிட்டது. இனிமேல் தொடங்குவதில் பயன் உண்டா சார்?

பதில்: உண்டு. 4 பிரேம் குத்தைப் பார்த்துவிட்டுத் தடுக்க இருபது வயதுக்காரராலும் முடியாது. எல்லோரும் முன்கூட்டியே ஊகித்துத்தான் தடுக்கிறார்கள். பார்த்துச் செய்ய வேண்டியவை சிலவே, அவற்றுக்கு நேரமும் இருக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் டிரைவ் இம்பாக்ட் என்ற பலத்த தாக்குதல் வெளிப்பட 26 பிரேம், அதாவது அரை நொடிக்குச் சற்றுக் குறைவு. தாவி வருபவர் காற்றில் இருக்கும் நேரம் அதைவிட அதிகம். இந்த இரண்டை மட்டும் கணினியிடம் தற்செயலாக மாறிமாறிச் செய்யச் சொல்லி, தினமும் ஐந்து நிமிடம் பதில் கொடுத்துப் பழகுங்கள். தொடக்க நிலை ரேங்குகளில் இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தவர் குறைவு.

கேள்வி: ஆன்லைனில் படம் திக்குகிறது, பாத்திரம் திடீரென இடம் மாறுகிறது. விளையாட்டில் குறையா, என் இணைப்பில் குறையா?

பதில்: பெரும்பாலும் வைஃபையில். இன்றைய சண்டை விளையாட்டுகள் பலவும் ரோல்பேக் முறையில் இயங்குகின்றன. எதிராளி அழுத்தப்போவதை ஊகித்து ஆட்டத்தை ஓட்டும், ஊகம் தப்பினால் சில பிரேம்கள் பின்னே போய்த் திருத்தும். டோனி கேனன் என்பவர் 2006-இல் வெளியிட்ட ஜிஜிபிஓ என்ற மென்பொருள் இதைப் பரவலாக்கியது. பழைய முறை ஒவ்வோர் அழுத்தத்துக்கும் காத்திருந்து கையையே கட்டிப்போட்டது. ஆனால் வைஃபையில் தகவல் சீராக வராதபோது திருத்தங்கள் பெரிதாகி நீங்கள் சொல்லும் தாவல் தெரியும். ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்துவிடுங்கள். தூர நாட்டு எதிராளிகளையும் தவிருங்கள். புதியவருக்கு இது இரட்டை முக்கியம்: திக்கும் ஆட்டத்தில் கற்ற நேரக் கணக்கு நல்ல இணைப்பில் உதவாது.

கேள்வி: நிறுவனங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?

பதில்: தோற்ற உடனே ஏன் தோற்றோம் என்று சொல்லச் சொல்வேன். 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆர்கேட் இயந்திரங்களில் வந்தபோது, காசை வைத்துவிட்டு முறைக்காகக் காத்திருப்பவர் முன்னால் ஆடுபவரைப் பார்த்தே பாதி கற்றுக்கொண்டார். பக்கத்தில் நின்றவர், 'அதைத் தடுத்ததும் திருப்பி அடி' என்று சொல்லவும் செய்தார். வீட்டில் தனியாக ஆடுபவருக்கு அந்தப் பக்கத்து ஆள் இல்லை. தோல்வித் திரை வருகிறது, 'மீண்டும் ஆடவா?' என்று கேட்கிறது, அதோடு சரி.

2024 ஜனவரியில் வந்த டெக்கன் 8 இதில் நல்ல அடி எடுத்து வைத்திருக்கிறது. ஆடிய ஆட்டத்தைத் திரும்ப ஓட்டினால், 'இங்கே இந்த அடியைக் கொடுத்திருக்கலாம்' என்று குறிப்பு வரும். அதே கணத்தில் கட்டுப்பாட்டை எடுத்து நீங்களே ஆடியும் பார்க்கலாம். நான் பார்த்தவற்றில் இதற்கு இணையான ஆசிரியர் இல்லை. ஆனால் ரீப்ளே மெனுவைத் தேடிப் போகிறவருக்குத்தான் அது கிடைக்கிறது. தோல்வித் திரையிலேயே ஒரு பொத்தானாக வைத்தால், முதல் வாரத்தில் மனம் உடைந்து போகிறவர்களில் பலர் தங்குவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: அக்காவும் நானும் ஒரே வீட்டில் ஆடுகிறோம். அவள் எப்போதும் ஜெயிக்கிறாள். ரேங்க் ஆட்டத்துக்குப் போகலாமா, இன்னும் பயிற்சி எடுக்கவா?

பதில்: இன்றே ரேங்குக்குப் போங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 முதல் பத்து ஆட்டங்களை வைத்து உங்கள் இடத்தை முடிவுசெய்யும். அதன் பிறகு ஏறத்தாழ உங்கள் அளவு ஆளே எதிரில் வருவார். ரேங்க் பாத்திரத்துக்குப் பாத்திரம் தனித்தனி என்பதால் புதுப் பாத்திரத்தைத் தொட்டாலும் பழையது கெடாது. அக்காவோடு ஆடும்போது மட்டும் வெற்றியை எண்ணாமல், அவருடைய ஒரே ஒரு தாக்குதலைத் தேர்ந்தெடுத்து அன்று முழுவதும் அதை மட்டும் தடுத்துத் திருப்பி அடியுங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழப்பமாக இருந்தால் அவரிடமே கேளுங்கள், சொல்லிக்கொடுப்பார்.