பின்னால் இடித்தவர் மீதுதான் எப்போதும் தவறா?

கேள்வி: கடந்த மாதம் ஒரு மாலை, ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரைத் தாண்டி, நெரிசலில் என் கார் நின்றிருந்தபோது பின்னால் வந்த சரக்கு வேன் மோதியது. என் கார் முன்னே தள்ளப்பட்டு, முன்னால் நின்ற காரின் பம்பரில் இடித்துவிட்டது. "என் வண்டியில் இடித்தது உங்கள் வண்டிதானே" என்று அந்தக் காரின் உரிமையாளர் என்னிடம் 12,000 ரூபாய் கேட்கிறார். வேன் ஓட்டுநரோ, நான் திடீரென்று பிரேக் போட்டதால்தான் மோதினேன் என்கிறார். என் காரின் பின்பக்கத்தைச் சரிசெய்ய ஒர்க்‌ஷாப்பில் 15,000 ரூபாய் சொல்கிறார்கள். புதிதாக வாங்கி மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை கிளெய்ம் எதுவும் செய்ததில்லை. தவறு யாருடையது? எந்தக் காப்பீட்டில் கேட்பது?
– வாசகி, ஊரப்பாக்கம்

பதில்: பின்னால் இடித்தவர்தான் பொறுப்பு என்று சாலையில் எல்லோரும் சொல்வதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. முன்னே செல்லும் வண்டி சட்டென்று வேகம் குறைத்தாலும் நின்றாலும் மோதாமல் நிறுத்தக்கூடிய அளவுக்கு இடைவெளி விட்டு ஓட்டவேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளில் 23ஆவது விதி சொன்னது. அவற்றுக்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டின் விதிகளிலும் அந்தக் கடமை தொடர்கிறது. லாரிக்குப் பின்னால் 10, 15 அடி இடைவெளியில் சென்று மோதிய ஒரு காரின் வழக்கில், 2018இல் உச்ச நீதிமன்றம் இந்த விதியைச் சுட்டிக்காட்டித்தான் கார் ஓட்டுநர் மீதே கவனக்குறைவைச் சுமத்தியது. ஆனாலும் இது ஒரு தொடக்க அனுமானமே தவிர, எல்லா வழக்கையும் முடித்துவைக்கும் தீர்ப்பு அல்ல.

உங்கள் விஷயத்தில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: முன்காரில் இருந்தவர் எத்தனை முறை அதிர்வை உணர்ந்தார்? ஒரே அதிர்வு என்றால், நின்றிருந்த உங்கள் காரை வேன் தள்ளியிருக்கிறது என்று பொருள்; அப்போது இரண்டு கார்களின் சேதத்துக்கும் வேன்தான் பொறுப்பு. இரண்டு அதிர்வுகள் என்றால், நீங்கள் முதலில் முன்காரில் மோதி, அதன்பிறகு வேன் உங்கள் மீது மோதியது என்று அவர் வாதிட இடம் உண்டு. சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர்கள் தழும்பு விழுந்த உயரத்தையும் பார்ப்பார்கள். பிரேக் அழுத்தியபடி வந்து மோதும் காரின் மூக்கு தாழ்ந்திருப்பதால் அடி சற்றே கீழே விழும். டேஷ்கேம் பதிவோ, அருகில் உள்ள கடையின் கேமராப் பதிவோ இருந்தால் இத்தனை ஆராய்ச்சியும் தேவைப்படாது. கடைக் கேமராக்களில் பழைய பதிவு சில நாட்களிலோ வாரங்களிலோ அழிந்துவிடும் என்பதால் இன்றே போய்க் கேளுங்கள்.

திடீர் பிரேக் என்ற வேன் ஓட்டுநரின் வாதம் சட்டத்தில் இல்லாத ஒன்றல்ல. 2017இல் கோயம்புத்தூரில், நெடுஞ்சாலையில் முன்னே சென்ற கார் எந்த சைகையும் இன்றிச் சட்டென்று நின்றதால், பின்னால் வந்த பொறியியல் மாணவர் மோதி விழுந்து, பின்தொடர்ந்த பேருந்து ஏறியதில் ஒரு காலை இழந்தார். தன் கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டியதால் நிறுத்தியதாகக் கார் ஓட்டுநர் கூறிய காரணத்தை ஏற்காத உச்ச நீதிமன்றம், 2025 ஜூலையில் கார் ஓட்டுநர் மீது 50 விழுக்காடும் பேருந்து மீது 30 விழுக்காடும் பொறுப்பைப் பகிர்ந்தளித்தது. போதிய இடைவெளி விடாத குற்றத்துக்காக மாணவர் மீதும் 20 விழுக்காடு விழுந்தது. ஆனால் வேகமாக வண்டிகள் ஓடும் நெடுஞ்சாலையில் காரணமின்றி நிறுத்துவது வேறு, ஊர்ந்துகொண்டிருக்கும் நெரிசலில் முன்வண்டி நின்றதால் நிற்பது வேறு. பின்னதற்குத் திடீர் பிரேக் என்று பெயரிடுவது எடுபடாது.

பணத்துக்கு வருவோம். முன்காரின் உரிமையாளருக்கு நீங்கள் எதையும் கொடுக்கவேண்டாம். தவறு என்னுடையது என்று வாட்ஸ்அப்பில்கூட எழுதவேண்டாம். காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்வதோ பணம் தருவதாக வாக்களிப்பதோ கூடாது என்பது உங்கள் பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று. பலர் அதைப் படிப்பதே இல்லை. முன்காரின் உரிமையாளர் கேட்கவேண்டிய இடம், பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்காக வேன் எடுத்திருக்கும் மூன்றாம் நபர் காப்பீடு. சொத்துச் சேதத்துக்கு அதில் பொதுவாக 7,50,000 ரூபாய் வரை இடம் உண்டு. ஆனால் அதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டுக் காத்திருக்கவேண்டும். 12,000 ரூபாய்க்காக அந்தப் படியேறுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். வேனின் உரிமையாளரைப் பேசி இருவருக்கும் பணம் தரவைப்பதே நடைமுறையில் நல்லது. அதற்கு முன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள். அது கையில் இருந்தால் பேச்சுக்கு வலு கூடும்.

உங்கள் சொந்த சேதக் காப்பீட்டில் கேட்டாலும் கிடைக்கும். அங்கே தவறு யாருடையது என்பது தடையாகாது. ஆனால் கணக்குப் பாருங்கள். 15,000 ரூபாயில் பம்பர், விளக்கு போன்ற பிளாஸ்டிக் பாகங்கள் 9,000 என்று வைத்துக்கொண்டால், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) இல்லாத பாலிசியில் அதில் பாதி தேய்மானமாகக் கழிக்கப்படும். கட்டாயக் கழிவாக, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்கவேண்டிய தொகையாக, 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய் போக, கைக்கு வருவது 9,500க்கும் சற்றுக் கீழே. மறுபுறம், மூன்று ஆண்டுகள் கிளெய்ம் செய்யாததால் உங்களுக்கு இப்போது 35 விழுக்காடு நோ கிளெய்ம் போனஸ் (பிரீமியத்தில் தள்ளுபடி) இருக்கும்; கிளெய்ம் செய்யாவிட்டால் அடுத்த புதுப்பித்தலில் அது 45, அதன்பிறகு 50 என்று உயரும். தவறு வேனுடையதாகவே இருந்தாலும் நீங்கள் கிளெய்ம் செய்தால் அது பூஜ்யமாகிவிடும். போனஸுக்கு முந்தைய சொந்த சேத பிரீமியம் ஆண்டுக்கு 8,000 ரூபாய் என்று மாறாமல் வைத்துக்கொண்டால், மீண்டும் 50 விழுக்காட்டை எட்டுவதற்குள் நீங்கள் இழப்பது 3,600, 2,400, 2,000, 1,200, 400 என்று ஐந்து ஆண்டுகளில் 9,600 ரூபாய். வாங்குவதும் இழப்பதும் ஏறக்குறைய சமம். ஜீரோ டெப் இருந்தால், அல்லது பில் 50,000, 60,000 என்று போனால், தயங்காமல் கிளெய்ம் செய்யலாம். செய்வதானால் சர்வேயர் பார்க்கும்வரை பம்பரைக் கழற்ற விடாதீர்கள். வேன்காரரிடம் பணம் வாங்கிக்கொண்டு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்திட்டால், அதே சேதத்துக்கு உங்கள் நிறுவனத்திடமும் கேட்க முடியாது; வேன்காரரிடமிருந்து வசூலிக்க அதற்கு இருந்த உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்தவர் ஆகிறீர்கள்.

கழுத்தில் வலி இருந்தால் கதையே வேறு. இத்தகைய மோதலில் வலி ஓரிரு நாள் கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு. மருத்துவரிடம் காட்டி, அது விபத்தால் வந்தது என்று குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். இழப்பீட்டு மனுவை ஆறு மாதங்களுக்குள் தாக்கல் செய்யவேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருப்பதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: சிக்னலில் நின்ற காரின் பின்னால் நான்தான் இடித்துவிட்டேன். தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டால் என் கிளெய்ம் தள்ளுபடியாகுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஆகாது. சொந்த சேதக் காப்பீடு உங்கள் கவனக்குறைவுக்கும் சேர்த்துத்தான். குடித்துவிட்டு ஓட்டியிருந்தாலோ, செல்லத்தக்க உரிமம் இல்லாமல் ஓட்டியிருந்தாலோ, சொந்தக் காரை வாடகைக்கு விட்டிருந்தாலோதான் சிக்கல். கிளெய்ம் படிவத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நாய் குறுக்கே வந்ததாகக் கதை சேர்த்து, அது பொய் என்று சர்வேயர் கண்டுபிடித்தால், நியாயமாக வரவேண்டிய பணமும் அந்தக் கதையாலேயே நின்றுபோகும்.