மாமியாரின் பெட்டியில் அழுங்குச் செதில்: விற்கலாமா?

கேள்வி: காலமான என் மாமியாரின் பெட்டியில் நான்கு அழுங்குச் செதில்களும், செதில் பதித்த வெள்ளி மோதிரம் ஒன்றும் இருந்தன. மூல நோய்க்கு நல்லதென்று அணிந்தாராம். தெரிந்தவர் ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கொடுக்கக் கூடாது. எறும்புத்தின்னி என்றும் அழைக்கப்படும் அழுங்கு, 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அதன் ஒரேயொரு செதிலை விற்றாலும் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க இடமுண்டு. ‘பழைய காலத்துப் பொருள்தானே’ என்ற சமாதானம் எடுபடாது. முறையாகத்தான் வந்தது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, அதை வைத்திருப்பவருடையது.

இத்தகைய பொருள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிடமோ தெரிவிக்க வேண்டும். அந்தக் கெடு கடந்திருந்தால், ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, பெட்டியில் கிடைத்த விவரத்தை எழுதிக் கையொப்பமிட்டு, கிண்டியில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் மோதிரத்தோடு ஒப்படைத்து ரசீது பெறுங்கள். எரிக்கவோ குப்பையில் போடவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விசாரிப்பதும் வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

மருந்து என்ற பேச்சுக்கு வருவோம். செதில் என்பது நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின் புரதம். அதை விரலில் அணிந்து மூலம் குணமாகாது. வீட்டில் வேறு யாருக்கேனும் அந்தத் தொல்லை இருந்தால், பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. செதிலைப் பெருமளவில் மருந்தாக்கிவந்த சீனாவே 2020-இல் தன் அதிகாரபூர்வ மருந்துப் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டது.

நான்கு செதிலுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றலாம். பல்லில்லாத இவ்விலங்கு கறையானையும் எறும்பையும் நீண்ட நாக்கால் நக்கித் தின்று வாழ்கிறது. பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி ஈனுவதால், வேட்டையில் இழந்ததை ஈடுகட்ட அதனால் இயலுவதில்லை. ஆபத்து நேர்ந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சிறுத்தையின் பல்லுக்கு இடம்கொடுக்காத அந்தக் கவசம், சாக்குப்பையோடு வரும் மனிதனுக்கு வேலையை எளிதாக்கிவிடுகிறது. உலகின் எட்டு அழுங்கு இனங்களுக்கும் பன்னாட்டு வணிகத் தடை 2017 முதல் நடப்பில் உள்ளது. ஆயினும் விலை கொடுக்க ஆள் இருக்கும்வரை கண்ணி வைப்பவனும் இருப்பான்.

விலை பேசியவரிடம் நீங்களாக எதையும் துருவிக் கேட்க வேண்டாம். அவர் சொன்னதை மட்டும், வனவுயிர்க் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் சென்னை மண்டல அலுவலகத்துக்குத் தெரிவித்து, உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.